கொக்கோக் கோதும் முத்துவின் கையும்

நீங்கள் பொய் சொன்னீர்கள், சின்னையா. வாய் தவறி வந்த பொய் இல்லை. உண்மை தெரிந்திருந்தும், கழுத்தில் மாலையோடு, மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்ன பொய்.

போன மாதம் நம் தவறணையில் புதுக் கொட்டகை திறந்தார்கள். நாற்று வளர்க்கிற இடத்தைத் தவறணை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேலையை விட்டவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். எங்களுக்குக் கடைசி வரிசை, பிளேன்டீ, பிஸ்கட். நீங்கள் மேடையில். பொலித்தீன் பையில் அடைத்து வருகிற கலவை மண்ணைப் புகழ்ந்துவிட்டு, ஆட்களைச் சிரிக்க வைக்க ஒரு கதை சொன்னீர்கள்.

"அந்தக் காலத்துல ஒரு பொம்பள, தொடக் கூடாத நாளுல மிளகாப் பாத்தியத் தொட்டுட்டா. லக்கலைக்குப் போக வேண்டிய அத்தன மிளகாக் கன்னும் படுத்துருச்சி. நம்புனா நம்புங்க, நம்பாட்டி விடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு முடிந்ததும் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு, இப்போது அங்கே வேலை செய்கிற இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள். "பாக்கியம்மா, அது நெசமா? நீங்க அப்ப இங்கதானே இருந்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "அதனாலதான் எங்கள இன்னும் அந்த நாளுல பாத்திக்கு விடமாட்டேங்கிறாங்களா?" என்றாள் மற்றவள்.

"பொய்" என்றேன்.

"அப்ப எது நெசம்?"

பஸ் வந்துவிட்டது. நின்று சொல்ல முடியவில்லை. அதனால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். அந்தப் பொம்பளைக்குப் பெயர் உண்டு. முத்துலெட்சுமி. நாங்கள் முத்து என்போம். அன்று உதவி அதிகாரியாக இருந்த உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது நீங்களே எழுத வேண்டியது.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துக் கொஞ்ச காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். சுதந்திரம் மற்றவர்களுக்கு. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் ஆட்களுக்கு இருந்த ஓட்டும் போனது அந்தச் சமயத்தில்தான். அப்பா மாத்தளை டவுனில் மூட்டை தூக்கினார். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தி, பலாபத்வலைக்குப் பக்கத்தில் இருந்த தவறணைக்கு அனுப்பினார்கள். முதல் சில வருடங்கள் புல் பிடுங்கினேன், தண்ணீர் சுமந்தேன், சல்லடை பிடித்தேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. முதுகு வலித்தது.

சொல்ல வேண்டியது பெரிய மாத்தயா வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. சிங்களவர்; மாத்தயா என்றால் ஐயா. தவறணைக்குப் பொறுப்பாளர். ஒல்லியான ஆள். கால்சட்டையில் எப்போதும் முழங்கால் பக்கம் மண் இருக்கும். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிற மாதிரிப் பார்ப்பார். அவ்வளவுதான். தமிழ் பேசுவார், ஆனால் தமிழ் அவருக்கு அடங்காது. "இந்த மண்ணு நல்ல பிள்ளை இல்லை, குடிச்சிட்டு வந்திருக்கிறான்" என்பார், தண்ணீர் வடியாத மண்ணைப் பார்த்து. முத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவரும் சிரிப்பார்.

விதை போடுகிற மண்ணைப் பற்றி அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. நாற்று பிடுங்கி நடுகிற மண் வேறு, விதை போடுகிற மண் வேறு. ஆட்கள் எல்லோருக்கும் நல்ல எருவை அள்ளிக் கொட்டத்தான் ஆசை. அவர் விட மாட்டார். "விதை கட்டுச்சோறோட வருது. நீ விருந்து வைக்க வேணாம். படுக்க இடம் குடு, தண்ணி குடு, போதும்" என்பார்.

அவருடைய கலவையில் மூன்று சாமான். பழைய பாத்தி மண். இலை மக்கு. ஆற்று மணல். மணலை சுது கங்கையிலிருந்து எடுத்து, கழுவி, தண்ணீர் தெளிவாக வரும்வரை மறுபடியும் கழுவ வேண்டும். இலை மக்கு, நிழல் மரங்களுக்குக் கீழே வெட்டிய குழியில் இரண்டு மழைக்காலம் கிடந்ததாக இருக்க வேண்டும். ஓர் இலையின் நரம்பு கண்ணுக்குத் தெரிந்தாலும் குழியை மூடச் சொல்லிவிடுவார். மூன்றையும் கலந்து, சல்லடையில் போட்டு, கையில் ஒரு பிடி எடுத்து அமுக்குவார். விரலைத் திறந்தால் பிடி கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். ஒரு விரலால் தொட்டால் உதிர வேண்டும். நின்று உதிராவிட்டால் மணல் போதாது. நிற்காமலே உதிர்ந்தால் மக்கு போதாது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பார். புளிப்பு வாசம் இருக்கக் கூடாது, சாணி வாசமும் இருக்கக் கூடாது. மழை விழுந்த முதல் நிமிடத்தில் வருகிற வாசம் மட்டும்தான் வரலாம்.

அதோடு விடவில்லை. தகரத்தில் அந்தக் கலவையைப் பரப்பி, ஈரச் சாக்கால் மூடி, கீழே உமி போட்டு எரிப்போம். நடுவில் ஒரு வத்தாளைக் கிழங்கைப் புதைத்து வைப்பார். கிழங்கு வெந்தால் மண்ணும் வெந்துவிட்டது என்று கணக்கு. மண்ணுக்குள் இருக்கிற அழுகலும் புழுவும் களை விதையும் சாகும். வெந்த கிழங்கை ஊதி ஊதித் தின்பது எங்கள் வேலை. முத்து தோலை உரித்து, பெரிய பாதியை எனக்குக் கொடுத்து, "தின்னுக்கா, மண்ணுக்குப் பொறந்த புள்ள" என்பாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வத்தாளை அவித்துவிட்டேன். அந்த ருசி வரவில்லை. உமிப் புகையும் பனியும் கலந்து கிடக்கிற அந்தக் காலை வேளை, தகரத்தின் சூட்டில் இரண்டு பேரும் கை காய்ச்சிக்கொண்டு நின்றது, மேலே பெரிய ரோட்டில் தம்புள்ளைக்குப் போகிற லொறிகளின் சத்தம், இதெல்லாம் எனக்கு இன்னும் வேண்டும். கிடைக்காது என்று தெரியும். இருந்தாலும் வேண்டும்.

வேகவைத்த மண்ணை ஆறவிட்டு, ஒரு சிரட்டையில் எடுத்து, அதில் நாலு விதையைப் போட்டுப் பார்ப்பார். சிரட்டையில் முளைத்து, நிமிர்ந்து, இரண்டு இலை விட்ட பிறகுதான் அந்த மண் பெட்டிக்கும் பாத்திக்கும் போகும். எங்களுக்கு அவசரம் வரும். மேலிடத்துக்கு அவசரம் வரும். அவருக்கு வராது.

விதை போடுகிற நாளில் எல்லோரும் கிருமி கொல்லும் தூள் கரைத்த ஊதாத் தண்ணீரில் கை கழுவ வேண்டும். வெற்றிலை போட்டிருந்தால் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும். புகையிலையிலிருந்து மிளகாய்க்கு நோய் ஏறும் என்பார். பெண்கள் முணுமுணுப்பார்கள். "பொண்டாட்டி கிட்ட இவ்வளவு கேட்டிருப்பாரா?" என்று ஒருத்தி சொன்னதை அவர் கேட்டுவிட்டு, "கேட்டேன். அவ ஓடிட்டா" என்றார். அது பொய். அவர் மனைவி வீட்டில்தான் இருந்தார். உங்களுக்கும் அந்தச் சட்டம் இருந்தது, சின்னையா. நீங்கள் பாத்தியோரம் சிகரெட் பிடித்தபோது தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். ஞாபகம் இருக்கும்.

முத்துவுக்குக் கைராசி உண்டு என்று ஊரே சொல்லும். அவள் என்னைவிட இளையவள். கிராம்பு போட்ட மாதிரி ஒரு மூக்குத்தி. அதிகம் பேச மாட்டாள், பேசினால் சிரிக்காமல் இருக்க முடியாது. அவள் போட்ட விதை ஒரே சீராக வரும். விரல் நுனியால் மூடுகிற மண், விதையின் தடிப்புக்கு மேல் போகாது. கைராசி என்பது அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அக்கம்பக்கத்தில் யார் வெண்டிக்காய் போட்டாலும், பாகல் போட்டாலும், முதல் விதையை முத்துதான் போட வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போவார்கள். அவளுக்கு அதில் பெருமை. அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான். சீதனம் கொண்டு வரவில்லை என்று மாமியார் குத்திக் காட்டுகிற வீட்டில், அந்தக் கைதான் அவளுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில், வீட்டுக்குத் தூரமான பெண்கள் வரிசையின் இடது கோடியில் போய் நிற்போம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அப்படி நிற்பவர்களுக்குப் புல் வெட்டும் வேலை கிடைக்கும். மிளகாய்ப் பாத்திக்கும் விதைப்பெட்டிக்கும் அனுப்ப மாட்டார்கள். பெரிய மாத்தயா இதை ஏற்படுத்தவில்லை. எங்களுக்கு முன்னாலிருந்தே இருந்தது. தூரமான பெண் தொட்டால் மிளகாயும் வெற்றிலையும் பட்டுப்போகும் என்று எங்கள் ஆட்களும் நம்பினார்கள், சிங்கள ஆட்களும் நம்பினார்கள். நாங்களும் நம்பினோம். உண்மையைச் சொன்னால், அந்த நாளில் குனிந்து விதை போடுவதைவிட நிழலில் புல் வெட்டுவது லேசு. அதனால் யாரும் எதிர்க்கவில்லை.

இப்போது அந்த வருடத்துக்கு வருகிறேன்.

மிளகாய் இறக்குமதி நின்று, செத்தல் என்கிற வற்றல் மிளகாய்க்கு நாடே அலைந்த காலம். எல்லா இடத்திலும் மிளகாய் நட வேண்டும் என்று உத்தரவு. காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்கிற லக்கலைப் பக்கத்துச் சேனைக்காரர்களுக்கு நம் தவறணைதான் கன்று கொடுக்க வேண்டும். வழக்கமாகப் போடுவதைப்போல் பல மடங்கு. பெரிய மாத்தயாவைப் பயிற்சி என்று வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். பொறுப்பு உதவி அதிகாரியான உங்கள் கையில் வந்தது, சின்னையா.

இலை மக்குக் குழியில் இருந்தது போதவில்லை. உமியும் தட்டுப்பாடு. பக்கத்துத் தோட்டத்தில் கொக்கோக் காயை உடைத்துக் கொட்டிய கோது, மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. மேலே கறுத்து, தொட்டால் மெத்தென்று இருந்தது. மாத்தளையில் கொக்கோத் தோட்டத்தைச் சுற்றி வளர்ந்தவர்கள் யாருக்கும் அந்தக் குவியலைப் பார்த்தால் எரு என்றுதான் தோன்றும். வாழைக்கும் தென்னைக்கும் எல்லோரும் அதைத்தான் போடுவோம். நீங்கள் அதை லொறியில் ஏற்றிவந்து, மண்ணோடு கலந்து, விதைப் பாத்தியில் கொட்டச் சொன்னீர்கள். மண்ணை அவிக்கவில்லை. சிரட்டை இல்லை.

முத்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தாள். "அக்கா, புளிச்ச தோச மாவு மாதிரி வருது."

நான் உங்களிடம் வந்து சொன்னேன். "சின்னையா, கோது இன்னும் ஒழுங்கா மக்கலீங்க. பெரிய மாத்தயா இருந்தா சிரட்டையில போட்டுப் பாத்துட்டுத்தான் விடுவாருங்க."

"பெரிய மாத்தயா இருந்தா வைகாசியில வெத போட்டு, தையில மொளைக்கும்" என்றீர்கள். "மோந்து பாத்து மோந்து பாத்து வாங்க இது என்ன சென்ட் கடையா? கொட்டுங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கொட்டினோம்.

விதை போடுகிற அன்று ஆள் பற்றவில்லை. முத்து பெரட்டில் நல்ல வரிசையில்தான் நின்றாள். பாதி வேலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் வந்து, "அக்கா, ஆயிட்டேன் போல இருக்கு. பாத்தி பாதியில கெடக்கு. என்ன செய்றது?" என்று காதில் சொன்னாள். "முடிச்சிட்டுப் போ. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். முடித்துவிட்டுத்தான் போனாள்.

விதை நன்றாகவே முளைத்தது. பச்சை விரித்த மாதிரி இருந்தது. நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாத்தியோரமாக நடந்தீர்கள். பிறகு மழை பிடித்தது. மழை விட்ட காலையில் போய்ப் பார்த்தால், நடுப் பாத்தியில் ஒரு தட்டகலத்துக்குக் கன்றுகள் சாய்ந்து கிடந்தன. வேர் இருந்தது, இலை இருந்தது, கழுத்து மட்டும் தண்ணீரில் நனைந்த நூல் மாதிரி மெலிந்து ஒடிந்திருந்தது. மறுநாள் அந்தத் தட்டு பாய் அகலம். அதற்கப்புறம் எந்தப் பாத்தியிலும் நிமிர்ந்த கன்று இல்லை. ஒரு பாத்தி இல்லை, சின்னையா. எல்லாப் பாத்தியும். முத்து விதை போட்ட பாத்தியும், நான் போட்ட பாத்தியும், மற்ற எல்லோரும் போட்டதும்.

பெரட்டில் நீங்கள் கேட்டது இதுதான்: "வெத போட்ட அன்னைக்கி எவளாவது வரக் கூடாத நெலமையில வந்தாளா? இப்ப சொல்லலேன்னா மொத்த ஆளுக்கும் பேர் வெட்டிருவேன்."

நான் முத்துவின் முந்தானையைப் பிடித்தேன். அவள் என் விரலைப் பிரித்து எடுத்துவிட்டு முன்னால் போனாள்.

"நாந்தாங்க" என்றாள்.

பயந்து சொன்னாள் என்று நினைக்காதீர்கள். நம்பிச் சொன்னாள். கைராசிக்காரி என்று ஊர் சொன்னதை நம்பினவள், இதையும் நம்பினாள். கை நல்லது செய்யும் என்றால் கெட்டதும் செய்யும்தானே. நீங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "போய்க் குளிச்சிட்டு வா" என்றீர்கள். அது நடந்து எவ்வளவோ நாளாகிவிட்டது, எதற்குக் குளிப்பது? ஆனாலும் போய்க் குளித்துவிட்டு வந்தாள். தலை ஈரத்தோடு அன்று முழுதும் புல் வெட்டினாள்.

அந்த வாரமே லக்கலையிலிருந்து ஒரு பெரியவர் கன்று எடுக்க வந்தார். சேனை வெட்டி, எரித்து, மழைக்கு ஆயத்தமாக வைத்துவிட்டு வந்திருந்தார். கூடவே வெறும் கூடைகள். நீங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே வரவில்லை. நாங்கள்தான் பாத்தியைக் காட்டினோம். அவர் திட்டவில்லை. குனிந்து ஒரு கன்றை எடுத்து, அதன் ஒடிந்த கழுத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தார். "அடுத்தது எப்போ தருவீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். நாங்கள் அலுவலகக் கதவைப் பார்த்தோம். "மழை எனக்காகக் காத்திருக்காதே மகள்" என்றார். கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார். அவருக்கும் அவர் ஊருக்கும் அந்தப் போகம் போனது.

"அந்த மனுசன் நாலு வார்த்த திட்டிட்டுப் போயிருக்கலாம்க்கா" என்றாள் முத்து. அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

அவள் புருஷன் வீட்டார், எங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தப்படி இந்தியா போவதற்குப் பாஸ்போட் வாங்கி வைத்திருந்தார்கள். அவள்தான் இத்தனை காலமும் அடம்பிடித்து, "நான் பொறந்தது இங்க, சாவுறதும் இங்க" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இது நடந்த பிறகு மாமியார் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "உன் கைய யாரு இனி வாசப்படி ஏத்துவா?" முத்து போக ஒத்துக்கொண்டாள்.

"ஏன்டி?" என்று கேட்டேன்.

"நான் தொட்டா இந்த மண்ணுல ஒண்ணும் வெளங்காதுக்கா. விடு."

பெரிய மாத்தயா அப்போதுதான் திரும்பி வந்தார். பாத்தியில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். மண்ணை எடுத்தார், அமுக்கினார், மோந்தார். தொப்பியைக் கழற்றினார். ரொம்ப நேரம் தொப்பிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நடந்ததை என்னிடம் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், முத்து சொன்னதையும் சொன்னேன்.

"கூப்பிடு அவளை" என்றார்.

சிரட்டைகளை இரண்டு வரிசையாக வைத்தார். ஒன்றில் பழைய முறைப்படி அவித்த மண். மற்றதில் கொக்கோக் கோது மண். ஒரே விதை. இரண்டு வரிசையிலும் முத்து பாதி, நான் பாதி போட வேண்டும் என்றார். முத்து அசையவில்லை.

"இன்னைக்கி நான் சுத்தமாத்தானே இருக்கேன் மாத்தயா? அப்ப இது எதக் காட்டும்?"

அவருக்குக் காது சிவந்துவிட்டது. எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் கேள்வி சரி. அவரும் அது சரி என்று கண்டுகொண்டார். சிரட்டைகளை அலுவலக ஜன்னலோரம் எடுத்து வைத்தார். "அப்போ... அந்த நாளு வந்தா வா. பாக்கியத்துக்குச் சொல்லு, போதும்" என்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

வந்தாள். கப்பலுக்குத் தேதி கிடைத்த பிறகு வந்தாள். அலுவலக ஜன்னலோரம் நானும் அவளும் மட்டும். நான் தொடக்கூட அவள் விடவில்லை, "கிட்ட வராதக்கா, நீயும் சேந்து கெட்டுப் போவாத" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து என் கையோடு வைத்துக்கொண்டேன். மண் ஒட்டிய கை. சூடாக இருந்தது. அவள் விதைகளைப் போட்டு, விரல் நுனியால் மூடினாள், எப்போதும் போல அளவாக. அதுதான் அவளோடு நான் செய்த கடைசி வேலை.

ரயில் ஏற்றிவிடப் போனேன். தலைமன்னார் போகிற கூட்டத்தில் அழாதவள் அவள் ஒருத்திதான்.

சிரட்டையில் விதை முளைத்தபோது அவள் அக்கரையில் இருந்தாள். நான்தான் தண்ணீர் தெளித்தேன். கோது மண்ணில் அவள் போட்டதும் சாய்ந்தது, நான் போட்டதும் சாய்ந்தது. அதே நூல் கழுத்து. அவித்த மண்ணில் நான் போட்டதும் நின்றது, அவள் போட்டதும் நின்றது. தூரமான கையால் போட்ட விதை, இரண்டு இலையை விரித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. அவளிடம் ஓடிப்போய்க் காட்டுகிற தூரத்தில் அவள் இல்லையே என்று.

பெரிய மாத்தயா உங்களைக் கூப்பிட்டார், சின்னையா. நான் பக்கத்தில் நின்றேன். "கொக்கோக் காயைக் கறுக்க வைக்கிற அழுகல் கோதுக்குள்ளே இருந்தது. அதுதானா, இல்லாட்டி அதோட தம்பியா, எனக்கும் சரியாத் தெரியாது. ஆனா மண்ணிலே இருந்து வந்தது. கையிலே இருந்து இல்லை" என்றார். நீங்கள் குனிந்து எல்லாச் சிரட்டையையும் பார்த்தீர்கள். "விளங்குது" என்றீர்கள். "நாளைக்குப் பெரட்டிலே நீங்களே சொல்லுங்க" என்றார் அவர்.

மறுநாள் பெரட்டில் நீங்கள் சொன்னது: "இனிமே கொக்கோக் கோது வெதப் பாத்திக்கு வேணாம்." அவ்வளவுதான். வேலை பிரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

நான் வரிசையிலிருந்தே கத்தினேன். "முத்து மேல தப்பில்லேன்னு சொல்லுங்க சின்னையா!"

"போன ஆளப் பத்தி பெரட்டுல பேசுறதில்ல" என்றீர்கள்.

பக்கத்துப் பெண்கள் என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அடுத்த காலையில் ஜன்னலோரம் சிரட்டைகள் இல்லை. குப்பை என்று எடுத்து எறியச் சொன்னது நீங்கள்தான். காவல்காரர் எனக்குச் சொன்னார்.

பெரிய மாத்தயா மேலும் எனக்குக் கோபம் உண்டு. அவர் நல்ல மனுசன், அவர் மாதிரி ஒருவரிடம் இனி யாரும் வேலை செய்யப் போவதில்லை, எல்லாம் சரி. ஆனால் அன்று அவரும் அங்கே நின்றார், பேசவில்லை. பிறகு போய்க் கேட்டேன். "ஆள் போயிட்டாதானே பாக்கியம், இனி என்ன?" என்றார். "ஆள் போனா பேரும் போயிருமா மாத்தயா?" என்றேன். தொப்பியைக் கழற்றினார். அடுத்த வருடம் மாற்றலாகிப் போனார். இப்போது உயிரோடு இல்லை. கேட்க முடியாது.

கதை மட்டும் போகவில்லை. மருமகளை அடக்க நினைத்த மாமியார்கள் எல்லாம் "முத்து செஞ்ச மாதிரி செஞ்சிராத" என்றார்கள். முன்பு இடது கோடியில் நிற்பதும் நிற்காததும் எங்கள் இஷ்டம். முத்துவுக்குப் பிறகு, சந்தேகம் வந்தாலே விதைப்பெட்டிப் பக்கம் விடுவதில்லை. விதை போடுவதுதான் அங்கே கங்காணி வேலைக்கு ஏறுகிற படி. எத்தனை பெண்கள் அந்தப் படியில் ஏறாமலே போனார்கள் என்று எனக்குத் தெரியும்.

கப்பல் ஏறிய ஒவ்வொரு குடும்பத்திடமும் நான் சொல்லி அனுப்பினேன். "முத்துவப் பாத்தா சொல்லுங்க, சிரட்டையில அது போட்ட வெத மொளச்சி நின்னுச்சின்னு சொல்லுங்க, கோதுதான் காரணம்னு சொல்லுங்க." இந்தியா பெரிய நாடு. யார் எங்கே போனார்கள் என்று யாருக்குத் தெரியும்? வருடக் கணக்கில் ஒரு தகவலும் இல்லை.

இந்த மாதத் தொடக்கத்தில், அங்கே போயிருந்த ஒரு சொந்தக்காரப் பெண் ஊரைப் பார்க்க வந்தாள். முத்துவைக் கோத்தகிரிப் பக்கம் பார்த்தாளாம். தேயிலை கிள்ளுகிறாளாம். தலை நரைத்துவிட்டதாம். தொழிலாளர் வரிசைவீடான லயத்துக்குப் பின்னால் எல்லோரும் கீரை, அவரை என்று போட்டிருக்கிறார்கள். முத்து தன் வாசலில் ஒன்றும் போடவில்லை. அடுத்த வீட்டுக்காரி விதையைக் கையில் திணித்தால், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாளாம்.

"நான் சொல்லச் சொன்னதச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேன் பெரியம்மா. எல்லாம் கேட்டுச்சி. அப்பறம், 'பாக்கியம் அக்காவுக்கு எம்மேல பாசம், அப்பிடித்தான் சொல்லும்'னிச்சி."

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணும் கேட்டுச்சி. 'சின்னையா அப்பிடிச் சொன்னாரா?'ன்னு கேட்டுச்சி."

இதற்கு நான் என்ன பதில் அனுப்புவது? அந்தப் பெண் அடுத்த மாதம் திரும்பிப் போகிறாள்.

என் சொல் முத்துவுக்குப் போதவில்லை. அவள் மேல் தப்பில்லை. பாசத்தில் சொல்கிற சொல்லுக்கு அவ்வளவுதான் எடை. பெரட்டில் வைத்து அவளைக் குற்றவாளி ஆக்கியது உங்கள் வாய். அதை அவிழ்க்க வேண்டியதும் அந்த வாய்தான். எனக்கு நீங்கள் மன்னிப்பு கேட்க வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேசவும் வேண்டாம், நான் கதவைத் திறக்க மாட்டேன். இந்தப் பத்திரிகையில், எல்லோரும் படிக்கும்படி, உங்கள் முழுப் பெயரைப் போட்டு எழுதுங்கள். அந்தக் கோதை அவிக்காமல், சோதிக்காமல் பாத்தியில் கொட்டச் சொன்னது யார்? சிரட்டையில் முத்துவின் விதை நிமிர்ந்து நின்றதை நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா?